எந்திரிக்காதே என்று சொன்ன பழனியம்மாள்

செல்வி போன் செய்தபோது நான் நாமக்கல் உழவர் சந்தையில் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன். கோழிப்பண்ணையில் வேலை நேரத்தில் போனைத் தொட விடமாட்டார்கள் என்று அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதனால் திரையில் அவள் பெயரைப் பார்த்ததுமே கெட்ட செய்தி என்று தெரிந்துவிட்டது. "ஏனுங்க டீச்சர், பழனியக்கா தவறிட்டாங்க. வெடியக்காலம் அஞ்சு மணிக்கு. நீங்க வந்துருவீங்கல்ல?" என்றாள். அவளுக்குப் பின்னால் கோழிகள் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தன. வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பையில் போட்ட காயைத் திரும்ப எடுத்து வைத்துப் பேருந்து நிலையத்துக்கு நடந்தேன். "ஏனுங்க, அஞ்சு ரூவா கொறச்சுக்கறனுங்க, வாங்க" என்று கடைக்காரர் கூப்பிட்டது முதுகுக்குப் பின்னால் கேட்டது.

ஜேடர்பாளையம் போகிற பாதையில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் பழனியம்மாளின் ஊர். அந்த ஊரில் பெண் நெசவாளர்களுக்கென்று ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பன்னிரண்டு வருடம் நடத்தியவர் அவர். நெய்வதை அவர் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது அந்தப் பெண்களுக்குக் கைவந்த வேலை. நெய்ததற்கு விலை சொல்வது, கூட்டம் நடத்துவது, தலைவியைத் தேர்ந்தெடுப்பது, பிடிக்காவிட்டால் இறக்குவது, வாங்க வருகிறவரிடம் முகத்துக்கு நேராக முடியாது என்று சொல்வது, இவற்றைத்தான் சொல்லிக் கொடுத்தார். சங்கத்தில் முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள். சாவுக்கு வந்திருந்தவர்கள் ஐந்து பேர்.

பந்தலுக்கு வெளியே நின்ற இரண்டு பெண்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. "நல்ல மனுசிதான், பாவம். ஆனா ஒழுங்காச் சொல்லிக் குடுக்காம சங்கத்தையே கெடுத்துப் போட்டாங்க" என்றாள் ஒருத்தி. மற்றவள் "அதைச் சொல்லு" என்றாள். அந்தப் பேச்சு பொய். அந்தப் பொய்யை முதலில் சொன்னவள் நான். பழனியம்மாளை அறிந்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பீர்கள். சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

நான் நாமக்கல்லில் ஒரு விடுதிப் பள்ளியில் இருபத்தாறு வருடம் ஆங்கிலம் நடத்தியவள். ஓய்வு பெற்ற மூன்றாம் மாதம், ஒரு மத்தியானம், கேட்டைத் தானே திறந்துகொண்டு ஒரு பெண் வந்தார். என்னைவிட இரண்டு வயது சிறியவர் என்று பிற்பாடு தெரிந்தது. உட்காருங்கள் என்று நான் சொல்வதற்குள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குச் சுருக்கென்றது. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் போட்ட ஒரு தாளை மேசைமேல் வைத்தார். கடல் தாண்டி ஒரு நாட்டில், நெய்கிறவருக்கு நியாயமான விலை கொடுத்து வாங்கி விற்கிற கடைக்காரர்கள் எழுதிய கடிதம். "இதுல என்ன எழுதியிருக்குதுன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். நல்லதா கெட்டதான்னு நாங்க பாத்துக்கறோம்" என்றார். நான் படித்துச் சொல்லி முடித்து, இதற்குச் சம்மதிக்கலாம் என்று தோன்றுகிறது என்று என் அபிப்பிராயத்தையும் சேர்த்தேன். "அதைக் கேக்கலீங்களே" என்றார் சிரித்துக்கொண்டே. எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஊருக்குப் பேருந்து ஏறினேன். வீட்டில் திருத்துவதற்கு ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லாமல் எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டிருந்தது.

பயிற்சி வகுப்பு என்றால் கரும்பலகையும் சாக்பீஸும் இருக்கும் என்று நினைத்துப் போனேன். பழனியம்மாள் வீட்டுக் குழித்தறியைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். குழித்தறி பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: தரையில் ஒரு குழி, அதற்குள் மிதிகட்டை. நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே விட்டு மிதிக்க வேண்டும். ஒருத்தியை அங்கே உட்கார்ந்து நெய்யச் சொல்லிவிட்டு, பழனியம்மாள் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசல் வழியாக வருவார். ஒருமுறை நூல்கடை முதலாளி, ஒருமுறை பேங்க் ஆபீசர், ஒருமுறை மாமனார். வந்து நின்று தொண்டையைச் செருமுவார், அவ்வளவுதான். நெய்துகொண்டிருந்தவள் கையிலிருந்த தறிக்கயிற்றை விட்டுவிட்டுச் சடாரென்று எழுந்து நிற்பாள். "எந்திரிச்சியா? தோத்த. அடுத்தவ எறங்கு" என்பார் பழனியம்மாள். செல்வி அன்று ஒன்பது முறை தோற்றாள். "அக்கா, நீங்கன்னு தெரியுது. காலு கேக்க மாட்டீங்குது" என்று அவள் சொன்னதும் கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பெரியவர்கள் வந்தால் எழுந்து நிற்பது மரியாதைதானே, அதில் என்ன தப்பு என்று கேட்டேன். என் பள்ளிக்கூடத்தில் அது முதல் பாடம். பழனியம்மாள் பதிலை எனக்குச் சொல்லவில்லை, செல்வியைப் பார்த்துச் சொன்னார். "நீ எந்திரிச்சதும் தறி சும்மா நிக்கும். சும்மா நிக்கற தறியப் பாத்தா ஊட்டு ஆம்பளைக்குக் கை நமநமங்கும். வந்து உக்காந்துக்குவான். அப்புறம் வந்தவங்க கண்ணுக்கு நெய்யறவன் அவன், நீ சும்மா நிக்கறவ. குழிக்குள்ள காலை உட்டிருந்தா நீ சங்கத்து மெம்பரு அம்மிணி. எந்திரிச்சு நின்னா நீ அந்த ஊட்டு மருமக, அவ்வளவுதான்." அப்படியானால் வந்தவருக்கு வணக்கம் சொல்ல வேண்டாமா என்று கேட்டாள் இன்னொருத்தி. "உக்காந்துக்கிட்டே சொல்லு. வாய்தானே வணக்கம் சொல்லுது, காலா சொல்லுது?" என்றார்.

வகுப்பில் ஜெயித்தவர்கள் வீட்டில் ஜெயிக்க வேண்டுமே. செல்வியின் மாமனார் ஒருநாள் தோட்டத்திலிருந்து திரும்பி வாசலில் நின்று செருமினார். செல்வி எழவில்லை. உட்கார்ந்தபடியே, "வாங்க மாமா, சொம்புல தண்ணி இருக்குதுங்க" என்றாள். அவர் அந்தத் தண்ணீரையும் தொடவில்லை, மூன்று நாள் அந்த வீட்டில் சோற்றையும் தொடவில்லை. ஊரே வேடிக்கை பார்த்தது. பழனியம்மாள் என்னையும் கூட்டிக்கொண்டு சமாதானம் பேசப் போனார். "ஏனுங்க மாமா, பேங்க் மேனேஜரு சேர்ல உக்காந்திருந்தா, நீங்க போனதும் எந்திரிங்கறீங்களா?" என்று கேட்டார். "அவரு ஆபீசருங்க" என்றார் பெரியவர். "உங்க மருமகளும் ஆபீசருதான். அவரு சேரு தரைக்கு மேல, இவ சேரு தரைக்குக் கீழ" என்றார் பழனியம்மாள். பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான்காம் நாள் அவர் சாப்பிட்டது நியாயம் புரிந்ததால் அல்ல, பசி தாங்காமல்தான். ஆனால் அதற்குப் பிறகு வாசலில் நின்று செருமுவதை விட்டுவிட்டார்.

கடல் கடந்த அந்தக் கடைக்காரர்கள் மற்ற எதிலும் விட்டுக்கொடுப்பார்கள், ஒன்றில் மட்டும் கறார். சங்கம் அவர்களுக்கு நெய்து அனுப்பும் போர்வையின் மூலையில் எந்தப் பெண்ணின் பெயர் தைத்திருக்கிறதோ, அவள்தான் அதை நெய்திருக்க வேண்டும். பெண்கள் பெயரில் சங்கத்தை வைத்துக்கொண்டு ஆண்களே எல்லாம் நடத்துகிற இடங்களில் ஏமாந்து போனவர்களாம். பழனியம்மாளுக்கு அந்த நிபந்தனை ரொம்பப் பிடித்திருந்தது. முதல் கட்டுப் போர்வை அனுப்பிய அன்று செல்வி தன் பெயர் தைத்த துணித்துண்டை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "நம்மூர்ல மானந்தான் கப்பலேறும். ஒருவாட்டி பேரும் ஏறட்டும் உடு" என்றார் பழனியம்மாள். முப்பத்திரண்டு வீடுகளில் அந்தப் போர்வையை நம்பித்தான் பிள்ளைகள் படித்தார்கள். அதைத் தவிர வேறு பெரிய ஆர்டர் சங்கத்துக்குக் கிடையாது. அது போனால் எல்லாம் போகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

அவரைப் பற்றி நல்லதாகவே சொல்லிக்கொண்டு போனால் மேலே இருந்து அவரே திட்டுவார். வாய் துடுக்கு அதிகம். கூட்டத்துக்குத் தாமதமாக வந்தவளை எல்லோர் முன்னாலும் வைத்துக் கிழிப்பார். சர்க்கரை நோய் இருபது வருடமாக. டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்குவார். நான் கத்தினால், "வாயில பேசறதுதான் கசப்பா இருக்குது, குடிக்கறதாவது இனிக்கட்டும் டீச்சர்" என்பார். கடைசியில் சிறுநீரகம் கெட்டது. வாரத்துக்கு இரண்டு நாள், திங்களும் வியாழனும், நாமக்கல்லுக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டியதாயிற்று. போகிற வழியில் சில நாள் என் வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டுப் போவார். கால் இரண்டும் வீங்கியிருக்கும்.

ஏழு வருடம் அந்த வியாபாரம் காகிதத்திலும் போட்டோவிலும் ஓடியது. எட்டாம் வருடம், நேரில் பார்த்துவர ஒருவரை அனுப்புகிறோம் என்று எழுதினார்கள். செவ்வாய்க்கிழமை என்று குறித்த நாளை மாற்றி வியாழக்கிழமை ஆக்கினார்கள். பழனியம்மாளுக்கு டயாலிசிஸ் நாள். "ஒரு தடவ போகாம இருந்துறலாம்னா மூச்சு முட்டிக்குதுங்க. நீங்க கூட இருங்க டீச்சர். புதுசா ஒண்ணும் செய்ய வேண்டாம். அன்னாடம் எப்படியோ அப்படியே இருக்கட்டும்" என்றார். சரி என்றேன்.

இன்ஸ்பெக்ஷன் என்ற சொல்லைக் கேட்டால் நான் துடைப்பத்தைத் தேடுவேன். இருபத்தாறு வருடப் பழக்கம். அதிகாரி வருகிறார் என்றால் சுவருக்குச் சுண்ணாம்பு, வாசலுக்குக் கோலம், பிள்ளைகளுக்குத் துவைத்துத் தேய்த்த சீருடை, காலடிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே குரலில் வணக்கம். பழனியம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், புதன்கிழமை காலையிலேயே அந்த ஊருக்குப் போய் வீடு வீடாக ஏறினேன். தறிக்கூடத்தைக் கழுவச் சொன்னேன். நல்ல சேலை உடுத்தச் சொன்னேன். வந்தவர் உள்ளே நுழைந்ததும் எழுந்து நின்று கை கூப்ப வேண்டும் என்று சொன்னேன். செல்வி மட்டும், "எந்திரிக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்களே டீச்சர்?" என்று கேட்டாள். "அது மாமனாருக்கு. இது அதிகாரி" என்றேன். டீச்சர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினாள்.

வந்தவர் பெங்களூரைச் சேர்ந்த ஓர் இளம்பெண். தமிழ் தெரியாது. அதிர்ந்து பேசவில்லை, கையில் ஒரு நோட்டு. முதலில் சங்கத்து அறைக்குப் போனோம். சுவரில் ஒட்டியிருந்த பயிற்சித் தாள்களை, பழனியம்மாள் சொல்லச் சொல்ல நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவற்றை, அவர் நெடுநேரம் பார்த்தார். போட்டோ எடுத்துக்கொண்டார். விலை போடுவது, தேர்தல் நடத்துவது பற்றியெல்லாம் கேட்டார். நான் பெருமையாக விளக்கினேன். அதற்குப் பிறகு வீடுகளுக்குப் போகலாம் என்றார்.

முதல் வீடு செல்வியுடையது. கல்யாணப் பட்டுச்சேலை உடுத்தி, தறிக்குப் பக்கத்தில் நின்று, கை கூப்பி, "வணக்கமுங்க" என்றாள். தறி கழுவித் துடைத்துச் சாமி மாதிரி சும்மா இருந்தது. கொஞ்சம் நெய்து காட்ட முடியுமா என்று வந்தவர் கேட்டார். செல்வி தன் பட்டுச்சேலையைப் பார்த்தாள், பஞ்சும் கஞ்சிப்பசையும் கிடக்கிற குழியைப் பார்த்தாள். அவள் தயங்குவதற்குள், "நான் காட்டறனுங்க" என்று அவள் புருஷன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டான். விருந்தாளியை நிற்க வைத்துவிட்டுத் தறி சும்மா கிடப்பது அவனுக்கு அவமானம். நன்றாகவும் நெய்தான். வந்தவர் செல்வியிடம், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். செல்வி தலையைக் குனிந்துகொண்டு, "நான் கூடமாட ஒத்தாசை பண்றனுங்க" என்றாள். புருஷன் தறியில் இருக்கும்போது அவன் முன்னால், நான்தான் நெய்கிறவள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நான் அவள் சொன்னதை வார்த்தை பிசகாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். நோட்டில் எழுதிக்கொண்டார்.

பதினொரு வீடு பார்த்தோம். ஏழு வீட்டில் ஆண்கள் இறங்கி நெய்து காட்டினார்கள். மற்ற நான்கு வீட்டில் தறி சும்மா நின்றது, பெண்ணும் சும்மா நின்றாள். நான்காவது வீட்டிலேயே எனக்கு உறைத்துவிட்டது. பழனியம்மாள் எச்சரித்தது அத்தனையும், ஒன்று விடாமல், என் கண்முன்னால் நடந்துகொண்டிருந்தது. அங்கேயே நிறுத்தி, அம்மா, இது என் முட்டாள்தனம், நாளைக்கு ஒருமுறை சொல்லாமல் வந்து பாருங்கள் என்று சொல்லியிருக்கலாம். என் பேத்தி வயதுப் பெண்ணிடம் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. காரில் ஏறும்போது அவரே கேட்டார், ஏன் இத்தனை வீட்டில் ஆண்களே நெய்கிறார்கள் என்று. இந்தப் பக்கத்தில் அது வழக்கம் என்றேன். இந்த ஒரு வாக்கியத்தைத்தான் நான் என் வாழ்நாளில் பேசியதிலேயே கேவலமானது என்று நினைக்கிறேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. பெயர் தைத்திருக்கும் பெண்கள் தறியில் இல்லை, ஆகவே இனி ஆர்டர் தர இயலாது. சங்கத்து அறையில் முப்பத்திரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளதைச் சொன்னால், ஏன் எழுந்தோம் என்ற பேச்சு வரும். எழுந்திருக்கச் சொன்னது யார் என்று அடுத்த பேச்சு வரும். நான் தாளைப் பார்த்துக்கொண்டே, "பயிற்சி போதவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்" என்றேன். பயிற்சி போதவில்லை என்று அந்தத் தாளில் எங்கும் இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள் என்பதுதான் அந்த மனுஷி முதல்நாள் என்னிடம் கேட்ட ஒரே உதவி.

ஒருத்தி எழுந்து கத்தினாள். "இத்தன வருசம் ஞாயித்துக்கெழம ஆனா ஊட்டு வேலையப் போட்டுப்போட்டு வந்து உக்காந்தமே, என்னத்தைங்க சொல்லிக் குடுத்தீங்க?" இன்னொருத்தி, "அன்னைக்குன்னு பாத்து ஆசுபத்திரிக்குப் போயிட்டாங்க" என்றாள். யாராயிருந்தாலும் பதிலுக்கு இரண்டு கேட்டு வாயடைக்க வைப்பவர் பழனியம்மாள். அன்று, ஊசி குத்திக் கன்றிப்போன இடது கையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். கடைசியில், "தப்பு எம்மேலதான் சாமி. மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிப்போம்" என்றார். அவர் யாரையும் காப்பாற்றுவதற்காக அப்படிச் சொல்லவில்லை. நான் சொன்னதை நம்பிவிட்டார். எழுந்து நின்றதற்கும் ஆர்டர் போனதற்கும் முடிச்சுப் போட அந்தப் பெண்களுக்கும் தோன்றவில்லை, அவரிடம் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அவர் ஓயவில்லை. திங்களும் வியாழனும் டயாலிசிஸ், ஞாயிறும் புதனும் பயிற்சி. நிற்க முடியாது, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பேசுவார். சேலத்திலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தார். விட்டுப்போனது எது என்று தெரியாததால் எல்லாவற்றையும் திரும்பச் சொல்லிக் கொடுத்தார். முதலில் முப்பது பேர் வந்தார்கள், பிறகு பன்னிரண்டு, பிறகு நாலு. "பயிற்சிய மறுபடி குடுக்கறோம்னு அவங்களுக்கு எழுதுங்க டீச்சர்" என்பார். எழுதினேன். அவர்கள் குறை சொல்லாத ஒன்றைத் திருத்திவிட்டோம் என்று எழுதினால் அவர்கள் என்ன பதில் எழுதுவார்கள்? ஒருமுறை நடந்ததை நடந்தபடி எழுதினேன். அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிறகு அழித்துவிட்டேன். "பதில் வந்துதுங்களா டீச்சர்?" என்று பேருந்தில் இருந்தபடியே போன் செய்வார். இன்னும் இல்லை என்பேன்.

சங்கம் கலைந்தது. சிலர் விசைத்தறிக் கூடத்துக்குக் கூலிக்குப் போனார்கள். சிலர் நூறு நாள் வேலைக்கு. செல்வி கோழிப்பண்ணைக்கு முட்டை அடுக்கப் போனாள். அவள் வீட்டில் குழியை மண் கொட்டி மூடி, மேலே டைல்ஸ் ஒட்டிக் கட்டில் போட்டுவிட்டார்கள். மாமனார் அந்தக் கட்டிலில்தான் படுத்திருக்கிறார். மெய்யான ஒரு நம்பிக்கை வார்த்தையாவது இந்த இடத்தில் எழுத வேண்டும் என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. சங்கம் திரும்பத் தொடங்காது. தொடங்கத் தெரிந்தவர் இல்லை.

கடைசியாக அவரைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். டயாலிசிஸ் முடிந்து கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் வந்தது தெரிந்ததும், "டீச்சர், எது போதலைன்னு எழுதியிருந்தாங்க? அந்தக் கடுதாசிய ஒருவாட்டி முழுசாப் படிச்சுச் சொல்லுங்களேன். எனக்கு அது தெரிஞ்சாப் போதும்" என்றார். தாள் என் கைப்பையில்தான் இருந்தது, கண்ணாடியும் இருந்தது. கண்ணாடி கொண்டு வரவில்லை, அடுத்த வாரம் படிக்கிறேன் என்றேன். "சரி, மெதுவாப் படிங்க. என்ன அவசரம்" என்றார். அதற்கு அடுத்த திங்கள் விடியற்காலையில் போய்விட்டார்.

சாவு வீட்டில், எடுத்த பிறகு, செல்வியைத் தனியாக அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. "இப்பச் சொல்லி என்னங்க டீச்சர் பண்றது?" என்றாள். "எங்கூட்டுல வந்து உக்காந்து அழுவாங்க, தெரியுங்களா? எங்கடி கொறஞ்சுது, எங்கடி கொறஞ்சுதுன்னு. நானும் தெரியலைக்கா, தெரியலைக்கான்னு சொல்லிட்டே இருந்தனுங்க. நீங்க அவங்ககிட்டச் சொல்லியிருக்கோணும்." பண்ணை வேன் வந்து ஹாரன் அடித்தது. அரை நாள் லீவுதான் கொடுத்தார்களாம். முகத்தைக் கழுவிக்கொண்டு போய் ஏறிவிட்டாள்.

மறைந்தவரிடமிருந்து நமக்குக் கிடைத்தது இது என்று ஏதாவது ஒன்றைச் சொல்லித்தான் இதை முடிக்க வேண்டும். என்னிடம் இருப்பது அந்தத் தாள். முழுசாகப் படித்துச் சொல்லச் சொன்னார். அவருக்குச் செய்யாததை உங்களுக்குச் செய்கிறேன், அவர் பெயரைப் பற்றிப் பேசும்போது இதையும் சேர்த்துப் பேசுங்கள். கடிதத்தில் இரண்டு பத்தி. முதல் பத்தியில், பெண்கள் தறியில் இல்லை, வருந்துகிறோம் என்று இருக்கிறது. இரண்டாவது பத்தி மூன்றே வரி. சங்கத்து அறையில் பார்த்த பயிற்சித் தாள்களைப் போல வேறெங்கும் நாங்கள் பார்த்ததில்லை, மற்ற ஊர்ப் பெண்களுக்கும் அது உதவும், இதை உருவாக்கியவர் யார், அவரே வந்து சொல்லித் தருவாரா என்று கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு நான் பதில் எழுதவே இல்லை.